மயக்கமா, தலைசுற்றலா?

வணக்கம் மேடம்,
தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்தேன். இப்போது இரண்டாம் ஆண்டு. பேத்தாலஜி, பார்மகாலஜி எல்லாம் வெறும் மனப்பாடம், இங்கிலீஷ் வேறு தடுமாற்றம். சேரும்போது இருந்த ஆசை போய்விட்டது. என்ன செய்ய?
ஒரு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் புத்தகம் இருக்கிறது, ஒரு நோயாளிகூட இல்லையே. வார்டில் நோயாளிகளைப் பார்த்துப் படிக்கும் போஸ்டிங் தொடங்கியிருக்குமே? கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டு வருகிறீர்களோ என்று தோன்றுகிறது, நானும் அப்படித்தான் நின்றேன்.

ஒருநாள் ஒரு பாட்டியிடம் ஹிஸ்டரி எடுக்க, அதாவது நோய் விவரம் கேட்டு எழுதச் சொன்னார்கள். "மயக்கமா வருதும்மா" என்றார், நானும் நினைவு தப்புகிறது என்று எழுதிக்கொண்டு போனேன். உதவிப் பேராசிரியர் திட்டவில்லை, என்னைத் திரும்பவும் பாட்டியிடம் கூட்டிப்போய், எப்போது வருகிறது, எப்படி இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்டார். புரண்டு படுத்தால் வீடே சுற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது என்றார் பாட்டி. நம் ஊரில் நினைவு தப்பினாலும் மயக்கம், தலை சுற்றினாலும் மயக்கம், பசியில் கண் இருட்டினாலும் மயக்கம்தானே! பாட்டியின் உள்காதில் நுண்ணிய கால்சியம் துகள்கள் இடம் மாறி, தலை அசைவை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போயிருந்தன, அதனால்தான் அந்தச் சுற்றல். அவரைப் படுக்கவைத்து, தலையைப் படிப்படியாகத் திருப்பி, எழுப்பி உட்காரவைத்தார் சார், சில நிமிட வேலை, மாத்திரையே கிடையாது. முதலாண்டு பிசியாலஜியில் நான் வெறுத்துப் படித்த அதே அரைவட்டக் குழாய்கள்! அன்று இரவு விடுதியில் அந்தப் பாடத்தை யாரும் சொல்லாமல் நானாகவே எடுத்துப் படித்தேன்.

வாரம் ஒரு நோயாளி போதும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், அப்புறம் கேஸ் ஷீட்டில் அவருக்கு எழுதியிருக்கும் மருந்துகளை அன்றைக்கே தேடிப் படியுங்கள். கிறுகிறுப்பு, பொறுமல், கைகால் குடைச்சல் என்று அவர்கள் சொல்வது உங்களுக்கு உடனே புரியும், தமிழ்வழிப் படிப்பை நீங்கள் ஏன் குறையாக எழுத வேண்டும்?

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பின்வரிசையில் நிற்கும் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "பாட்டி என்னம்மா சொன்னாங்க?" என்று கேளுங்கள். பதில் தப்பானால் நோயாளி முன்னால் அவமானப்படுத்தாதீர்கள்.

தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் அதை வெறும் ஆர்வக்குறைவு என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம். மனநலப் பிரிவில் காட்டுங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

சரி, முதலில் பார்க்கும் நோயாளி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.