டயாலிசிஸ் இல்லாத நாளில் தூரிகை

வணக்கம் அம்மா.

எனக்கு 61 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் 27 வருஷம் பால்மரம் சீவினேன். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் டவுனுக்கு வந்து மகனோடு இருக்கிறேன். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. மூன்று வருஷமாகச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ்.

போன வருஷம் பேரன் பள்ளியில் மிச்சம் வைத்த வாட்டர் கலர் பெட்டியை எடுத்து விளையாட்டாக வரைய ஆரம்பித்தேன். பழைய லயம், பால் வாளி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போன லாரி. எனக்குக் குடிக்க ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். தூரிகை கழுவ ஒரு மங்கு நிறைய வைத்துக்கொண்டு, சில நேரம் வரையாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

12 வெள்ளிக்கு ஒரு தூரிகை வாங்கியதற்கு மகன், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா?" என்றான். அதுகூடப் பரவாயில்லை. டயாலிசிஸ் முடிந்து வந்து உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, கோடு கோணலாகப் போகிறது. போன சனிக்கிழமை மூன்று படங்களைக் கிழித்துவிட்டேன். இதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லையே என்று அழுகையாக வருகிறது. நிறுத்திவிடட்டுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள அக்கா,

நிறுத்த வேண்டாம். டயாலிசிஸ் முடிந்த சாயங்காலம் மட்டும் வரையாதீர்கள்.

உடம்பில் சேர்ந்த நீரைச் சுமார் நான்கு மணி நேரத்தில் இயந்திரம் இழுத்து எடுத்துவிடுகிறது. ரத்த அழுத்தம் இறங்கும், அசதி அடிக்கும். அந்த நேரத்துக் கோட்டை வைத்தா உங்கள் கையை எடைபோடுவது? பால்மரத்தையே ஒருநாள் விட்டு ஒருநாள்தானே சீவியிருப்பீர்கள்? பட்டை தேறட்டும் என்று விட்ட நாளில், பால் தரவில்லையே என்று மரத்தை யாரும் திட்டியதில்லை.

புதன், வெள்ளி காலையில் அரை மணி நேரம், பாதித் தாள் போதும். வரைந்ததை அன்றைக்கே கிழிக்காமல் மறுநாள் ஒருமுறை பாருங்கள். டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையை மேசை விளிம்பில் அழுத்தி ஊன்ற வேண்டாம். அந்தக் கையால்தான் வரைகிறீர்கள் என்றால் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த அழுகை. அது படத்தோடு நிற்காமல், சாப்பாடு, தூக்கம், பேரனோடு பேச்சு எல்லாமே இரண்டு வாரமாக வெறுத்துப்போனாலோ, டயாலிசிஸே வேண்டாம் என்று தோன்றினாலோ, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு மனச்சோர்வு அடிக்கடி வருவதுதான். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

மங்குத் தண்ணீரைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் படித்தேன். அதையும் ஒருநாள் வரையுங்கள்.

மகன் கேட்டதை நான் வெறும் காசுக் கணக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். 'எதுக்கு' என்பதற்கு நீங்கள் பதில் தேடவும் வேண்டாம். லாரிப் படம் கிழிபடாமல் தப்பியிருந்தால் அவர் முன்னால் வைத்து, "இதில் நீ எந்த மூலையில் நிற்பாய்?" என்று கேளுங்கள்.