வாங்கிய நாய்க்குட்டி ‘குட்டிப் பண்ணை’யிலிருந்து (விற்பதற்காகவே தாய் நாய்களைக் கூண்டில் அடைத்து ஓயாமல் குட்டி ஈனவைக்கும் இடம்) வந்தது என்று எப்போது தெரிந்துகொண்டீர்கள்?

மூன்றாம் நாள், கால்நடை மருத்துவர் அதன் வாயைத் திறந்து பார்த்தபோது.

"எட்டு வாரம் என்றா சொன்னார்கள்?" என்று கேட்டார். கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறுதான் இருந்தது. ஐந்து வாரம் ஆகியிருந்தாலே அதிகம் என்றார். தடுப்பூசி அட்டையில் இரண்டு தேதிகள். மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டும் இல்லை, கையொப்பமும் இல்லை. அவர் கணக்குப்படி, முதல் ஊசி போட்டதாக எழுதிய அன்று அது பிறந்தே சில நாள்தான் ஆகியிருக்கும்.

அதற்கு முன்பே எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. "வீடு வரை எதற்கு அலைகிறீர்கள், பாதி வழியில் கொண்டுவந்து தருகிறேன்" என்றார் விற்றவர். நல்ல மனிதர் என்று நினைத்தேன். தாயைப் பார்க்கலாமா என்றதற்கு, புது ஆட்களைக் கண்டால் அது பதறும் என்றார், தலையாட்டினேன். ஐந்து இனக் குட்டிகளின் படங்களை அனுப்பியிருந்தார். ஒரே வீட்டில் ஐந்து இனமா என்று கேட்கத் தோன்றவில்லை. குட்டி மடியில் வைத்ததும் உறங்கியது. சமத்து என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அது சோர்வு.

ஐந்தாம் நாள் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. பார்வோ வைரஸ், நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய தொற்று. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும் என்பதால், அங்கிருந்தே கொண்டுவந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார் மருத்துவர். ஆறு நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். விற்றவரை அழைத்தபோது, "திருப்பிக் கொடுங்கள், வேறு தருகிறேன்" என்றார். அளவு சேராத சட்டையை மாற்றித் தருவது போல. பண்ணை என்று உறுதியாகப் புரிந்தது அந்தக் குரலில்தான்.

மாற்றிக்கொள்ளவில்லை. பாவம் பார்த்து இன்னொன்றைக் காசு கொடுத்து மீட்கவும் இல்லை. மீட்டால் காலியாகும் கூண்டுக்கு அடுத்த ஈற்றுக் குட்டி வந்துவிடும். நாயின் கர்ப்பம் சுமார் 63 நாள்தான். அங்கே தாயைப் பருவத்துக்குப் பருவம் இணை சேர்க்கிறார்கள்.

நோயைவிட நீண்ட தொல்லை வேறு. கூண்டில் வளர்ந்த குட்டிக்குப் படுத்த இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்ற இயல்பான கூச்சமே போய்விடுகிறது. என் குட்டி தன் விரிப்பிலேயே சிறுநீர் கழித்து அதன் மேலேயே படுக்கும். திட்டிப் பயனில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது, இரவிலும். உடன்பிறந்தவற்றோடு விளையாடிக் கடியின் அளவைக் கற்கும் வாரங்களை இழந்ததால், என் கை முழுக்கக் கீறல்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால், குட்டியின் வயதையும் நோயையும் மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். விற்றவரின் குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள்; புகார் கொடுக்க உதவும். பார்வோ என்றால் தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள், சாதாரண சோப்புக்கு அது சாகாது. தடுப்பூசி முடியாத வேறு குட்டியைப் பல மாதங்களுக்கு வீட்டுக்குள் விடாதீர்கள்.

இப்போது அவனுக்கு நான்கு வயது. விரிப்பு நனைவதில்லை. கூண்டுக் கதவின் ஓசை கேட்டால் மட்டும் இன்னும் கட்டிலுக்கடியில் போய்விடுகிறான்.