அண்ணன் வாங்கிய கடனுக்கு என் பங்கும் போகுமா? கூட்டுச் சொத்து, ஜப்தி: கேள்வி பதில்

நான் சிவில் வக்கீல். பணத்துக்கு டிக்ரி (பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை) வாங்கியவர், அந்த டிக்ரியில் சொத்தை இழக்கப் போகிறவர் என்று இரண்டு பக்கத்துக்கும் நிறைவேற்று மனு (டிக்ரியைச் செயல்படுத்தக் கேட்கும் மனு) நடத்துகிறவன். பங்காளி ஒருவர் வாங்கிய கடனுக்குக் கூட்டுச் சொத்து என்ன ஆகும் என்று கேட்டிருந்தவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் சட்டத்தை வைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் பத்திரத்தைப் பார்க்காமல் சொல்லும் பதில் என்பதால் உள்ளூர் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு, ஒரு சகோதரி): அப்பா சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு சார். 2016இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், நான் மூன்று பேர். அண்ணன் புரோநோட் எழுதி வாங்கிய கடனுக்கு டிக்ரி ஆகி, கோர்ட்டிலிருந்து வந்து வீட்டுக் கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மொத்த வீடும் போய்விடுமா?

போகாதும்மா. அண்ணனுடைய மூன்றில் ஒரு பங்கு மட்டும்தான் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. (உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் நான்கில் ஒரு பங்கு, ஏனென்றால் அவரும் முதல் வகுப்பு வாரிசு.) 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா இறந்த அன்றே உங்கள் மூன்று பேருக்கும் தனித்தனிப் பங்கு வந்துவிட்டது, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதவில்லை என்பதால் பங்கு இல்லை என்று ஆகிவிடாது. அதே காரணத்தால்தான், பிரிக்காத சொத்தாயிற்றே என்று சொல்லி அண்ணன் பங்கைக் காப்பாற்றவும் முடியாது.

ஆனால் ஒன்றை உடனே பார்க்க வேண்டும். நிறைவேற்று மனுவின் சொத்து விவரத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள்? 'பிரிபடாத மூன்றில் ஒரு பாகம்' என்று இருக்கிறதா, இல்லை நான்கு எல்லையையும் சொல்லி முழு வீட்டையும் போட்டிருக்கிறார்களா? வரி ரசீது அண்ணன் பெயரில் இருப்பதைப் பார்த்துவிட்டு முழு வீட்டையும் எழுதிவிடுவது நிறைய நடக்கிறது. அப்படி இருந்தால் நீங்களும் அம்மாவும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் உத்தரவு 21 விதி 58இன் கீழ் உரிமை கோரும் மனு போடுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அப்பாவின் மூலப்பத்திரம் போதும், ஆரம்பிக்கலாம். ஏலத்துக்கு முன்னால் போட வேண்டும் என்பதுதான் முக்கியம். ஏலம் முடிந்துவிட்டால் அந்த மனுவைக் கோர்ட் எடுக்காது, வேண்டுமென்றே தாமதம் செய்தீர்கள் என்று தோன்றினாலும் எடுக்காது. அப்புறம் தனி வழக்கு போட்டு வருடக்கணக்கில் அலைய வேண்டியதுதான். கடன் அண்ணனுடையது, நமக்கென்ன என்று அம்மாக்களும் தங்கைகளும் பேசாமல் இருந்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனது கஷ்டமாக இருக்கிறது.

கேள்வி (அதே சகோதரி): அண்ணன் பங்கை யாரோ ஏலத்தில் எடுத்தால், அந்த ஆள் வந்து எங்களோடு குடியேறலாமா?

முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 44ஆவது பிரிவு இதை நேராகவே சொல்கிறது. குடும்பம் சேர்ந்து வாழும் வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், கூட்டாகக் குடியிருக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்திலும் இதேதான், ஏலத்தில் பங்கு எடுத்தவருக்குக் கிடைப்பது பாகம் பிரித்துக் கொடுங்கள் என்று வழக்குப் போடும் உரிமை மட்டும் என்று உச்ச நீதிமன்றம் 1953இலும், பிறகு 1966இலும் சொல்லியிருக்கிறது.

அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் உங்களுக்கு இன்னொரு வழி திறக்கிறது. 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி, அந்தப் பங்கைக் கோர்ட் மதிப்பிடும் விலைக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று குடும்பத்தார் கேட்கலாம். கோர்ட் விற்றுக் கொடுக்கச் சொல்லும்.

இன்னும் முன்னாலேயே யோசித்தால், ஏலத்தில் நீங்களே கலந்துகொள்ளலாம். பிரிபடாத பங்கு ஏலத்துக்கு வரும்போது வெளியாளும் பங்காளியும் ஒரே தொகை கேட்டால், பங்காளி கேட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு 21 விதி 88 இருக்கிறது. இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. வழக்கோடு வரும் சொத்தை வாங்க வெளியாட்கள் தயங்குவார்கள், விலையும் அதிகம் ஏறாது. பணம் புரட்ட முடிந்தால் குடும்பம் வாங்குவதே நல்லது. ஏலம் உங்கள் பெயருக்கு விழுந்தால் 25 சதவீதம் உடனே, மீதி 15 நாளுக்குள் கட்ட வேண்டும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை): வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. வியாபாரக் கடன் கணவர் பெயரில். என் பாதியைத் தொட முடியுமா?

நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீனாகவோ கையெழுத்து இல்லை என்றால் கணவர் கடனுக்கு மனைவியின் பங்கு பொறுப்பாகாது. பத்திரத்தில் பங்கு குறிப்பிடாமல் இருந்தால் பொதுவாகச் சரிபாதி என்று எடுத்துக்கொள்வார்கள். வாங்கிய பணத்தில் உங்கள் பணம் அதிகம் என்று வங்கிக் கணக்கு, நகை விற்ற ரசீது போன்றவற்றால் காட்ட முடிந்தால் அந்த விகிதத்தில் கேட்கலாம்.

ஆனால் வீட்டையே இருவரும் சேர்ந்து வங்கியில் அடமானம் வைத்திருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வங்கி கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே முழு வீட்டையும் எடுக்கலாம். முதலில் 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் வரும். அதற்குப் பிறகு வங்கி எடுக்கும் நடவடிக்கையை எதிர்க்க வேண்டுமென்றால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். நோட்டீஸ் கவரைப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி (சேலம்): நான்தான் கடன் வாங்கியவன். என் பங்கை இப்போதே தங்கச்சி பேருக்கு விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிவிட்டால் தப்பிக்கலாமா சார்?

வேண்டாம் தம்பி. ஜப்தி உத்தரவுக்குப் பிறகு எழுதினால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 64ஆவது பிரிவுப்படி அந்தப் பத்திரம் கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. ஜப்திக்கு முன்னால் எழுதினாலும், கடன் கொடுத்தவரை ஏமாற்றும் எண்ணத்தில் எழுதியது என்று அவர் சொத்து மாற்றுச் சட்டம் 53ஆவது பிரிவில் வழக்குப் போட்டு உடைக்கலாம். உடன்பிறந்தவளுக்குப் பணம் வாங்காமல், வக்கீல் நோட்டீஸ் வந்த அடுத்த மாதம் எழுதிய பத்திரத்தை எந்த நீதிபதியும் சந்தேகமாகத்தான் பார்ப்பார். கடைசியில் உன் கடனுக்குத் தங்கச்சி கோர்ட் கோர்ட்டாக ஏறுவாள். அவள் நியாயமான விலையை வங்கி மூலமாகக் கொடுத்து, அந்தப் பணத்தில் நீ கடனை அடைத்தால் அது வேறு விஷயம். அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): என் மகன் கடன் வாங்கியிருக்கிறான். நிலம் நான் சம்பாதித்தது, நானும் உயிரோடு இருக்கிறேன். வாரிசு பங்கு என்று சொல்லி ஜப்தி வருமா?

வராது ஐயா. நீங்கள் இருக்கும்வரை அந்த நிலத்தில் மகனுக்கு எந்தப் பங்கும் கிடையாது. பிற்காலத்தில் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பை ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆவது பிரிவே இடம் கொடுக்கவில்லை.

நிலம் பூர்வீகமாக இருந்தால் கதை மாறும், அதில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு, அந்தப் பங்கை ஜப்தி செய்யலாம். மகளுக்கும் சம பங்கு உண்டு என்பதால் (தமிழ்நாட்டில் 1989 திருத்தம், பிறகு நாடு முழுவதும் 2005 திருத்தம்) மகன் பங்கைக் கணக்கிடும்போது மகள்களைச் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, அப்பன் கடனை மகன் தீர்க்க வேண்டியது தர்மம் என்று சொல்லி மகன் பங்கையும் சேர்த்து ஏலம் போட்டது பழைய காலம். 2005 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடனுக்கு அந்த வாதம் மட்டும் வைத்து மகன் பங்கில் கை வைக்க முடியாது.

கேள்வி (திருநெல்வேலி): நான் கடன் கொடுத்தவன். 5 லட்சம், புரோநோட் இருக்கிறது. அவர் தன் பூர்வீகப் பங்கை விற்க ஆள் பார்ப்பதாகக் கேள்வி. நான் என்ன செய்வது?

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, நம்பிக் கொடுத்த பணம். புரோநோட் தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். வழக்கோடு சேர்த்து உத்தரவு 38 விதி 5இல் தீர்ப்புக்கு முன்பான ஜப்தி கேளுங்கள். 'விற்கப் பார்க்கிறார்' என்று பொதுவாக எழுதினால் கிடைக்காது, யாரிடம் பேசுகிறார், எந்தத் தரகர், எப்போது என்று விவரமாக எழுதுங்கள். உத்தரவு கிடைத்ததும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள், வில்லங்கச் சான்றில் ஏறினால்தான் வாங்க வருகிறவர் ஒதுங்குவார். ஜப்தி மனுவில் கடன் வாங்கியவருடைய பங்கை மட்டும் எழுதுங்கள். முழுச் சொத்தையும் எழுதினால் அக்கா தங்கைகள் மனுப் போட்டு உங்கள் வழக்குதான் இழுக்கும்.

கேள்வி (திருப்பூர்): டிக்ரி எதுவும் இல்லை. வட்டிக்குக் கொடுத்தவர் ஆள் கூட்டி வந்து வீட்டைப் பூட்டிவிட்டார்.

அது ஜப்தி இல்லை, குற்றம். கோர்ட் உத்தரவு இல்லாமல் தனியார் யாரும் பூட்ட முடியாது. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தையும் புகாரில் குறிப்பிடுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): நாங்கள் விவசாயக் குடும்பம். குடியிருக்கும் வீட்டையே ஜப்தி செய்யலாமா?

நீங்களே பயிர் செய்து, அந்த வருமானத்தை நம்பி வாழ்கிறவர் என்றால், குடியிருக்கும் வீட்டுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆவது பிரிவில் பாதுகாப்பு உண்டு. நிலத்துக்கு அது கிடையாது. வீட்டை அடமானம் வைத்திருந்தாலும் கிடையாது.

கேள்வி (கரூர்): சித்தப்பா பங்கு போன மாதமே ஏலம் போய்விட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

இன்னும் முடியும். ஏல அறிவிப்பில் சொன்ன கடன் தொகையையும், ஏலத்தில் எடுத்தவருக்கு ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் சித்தப்பா கோர்ட்டில் கட்டி, உத்தரவு 21 விதி 89இல் மனுப் போட்டால் ஏலம் ரத்தாகும். காரணம் எதுவும் காட்ட வேண்டியதில்லை. அறிவிப்பு ஒழுங்காகச் செய்யவில்லை, மோசடி நடந்தது, அதனால் பெரிய நஷ்டம் என்றால் விதி 90, அதற்குச் சாட்சி, ஆவணம் எல்லாம் வேண்டும். இரண்டுக்கும் கெடு 60 நாள்தான். ஏலம் நடந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும், ஏலத்தைக் கோர்ட் உறுதி செய்யும் தேதியிலிருந்து இல்லை. போன மாதம் என்கிறீர்கள், அப்படியானால் பாதி நாள் ஏற்கெனவே போயிருக்கும். நாளைக் காலையிலேயே கோர்ட்டுக்குப் போய் ஏலத் தேதியையும் கட்ட வேண்டிய தொகையையும் எழுதி வாங்கிவிடுங்கள்.