மணிமேகலை பிழைத்திருந்தால்?

கேள்வி: எனக்கு 41 வயது. அலுவலகம், சமையல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் முடிந்த பிறகு, இரவில் 'பொன்னியின் செல்வன்' பாத்திரங்களை வைத்து வாட்பேட் என்ற இணையதளத்தில் தொடர்கதை எழுதுகிறேன். மணிமேகலை சாகாமல் பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் கதை. கொஞ்சம் பேர் விடாமல் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். சமீபத்தில் இதைப் பார்த்த என் கணவர், "அடுத்தவர் கதையை எடுத்து எழுதுவது திருட்டு இல்லையா? இந்த வயதில் இதெல்லாம் தேவையா?" என்றார். அன்றிலிருந்து எழுத முடியவில்லை. விட்டுவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: விடாதீர்கள், சகோதரி.

இது திருட்டு இல்லை. கல்கி 1954-ல் மறைந்தார். அவருடைய எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியும் பல வருடங்கள் ஆகிவிட்டன. நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் நாவலையோ சினிமாவையோ எடுத்து எழுதி விற்கக் கூடாது. அது வேறு விஷயம்.

அந்த நாவலில் மணிமேகலை இறக்கும் கடைசி அத்தியாயத்துக்குப் பெயரே 'மலர் உதிர்ந்தது'. தொடர் முடிந்ததும், "இப்படித் திடீரென்று முடிக்கலாமா, அப்புறம் என்ன ஆயிற்று?" என்று வாசகர்கள் கேட்க, கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு எழுத்தாளர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' நாவலில் அந்தக் கதையைத் தொடர்ந்தே எழுதினார். உங்களுக்கு வந்த ஆசை புதிது இல்லை.

வயதைப் பற்றியும் கவலை வேண்டாம். 1967-ல் அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களுக்காக 'ஸ்பாக்கனேலியா' என்ற இதழைக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். ரசிகர்கள் எழுதும் இப்படிப்பட்ட கதைகளுக்காகவே தன்னார்வலர்கள் விளம்பரம் இல்லாமல் நடத்தும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்துக்கு 2019-ல் அறிவியல் புனைகதை, மிகுபுனைவு உலகின் பெரிய விருதான ஹியூகோ விருது கிடைத்தது. அங்கே எழுதுபவர்களில் வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளை பெற்றவர்களும் ஏராளம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மணிமேகலைதான். குந்தவை, நந்தினி, பூங்குழலி எல்லாரும் இருக்க, நீங்கள் இவளை எடுத்திருக்கிறீர்கள். வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப்பழியையே தன் மேல் போட்டுக்கொண்டவள், பதிலுக்கு எதுவும் கிடைக்காமல் போனவள். அவளுக்கு ஒரு வாழ்க்கை கொடுக்க வேண்டும் என்று நாள் முழுக்க வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உழைக்கிற ஒரு பெண்ணுக்குத் தோன்றுகிறது. இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. சொந்தக் கதையாக எழுதக் கூசுகிற சிலவற்றை மணிமேகலையின் வாயால் சொல்ல முடிகிறது, இல்லையா? அதைப் படித்து, முகம் தெரியாத ஒருத்தி "எனக்கும் இப்படித்தான்" என்கிறாள். இந்தத் துணை எல்லாருக்கும் வாய்க்காது.

கணவரிடம் வாதாட வேண்டாம். உங்களுக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் ஒன்றை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அதற்கு முன் மணிமேகலை யார் என்று சொல்லிவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை. இரவில் அரை மணி நேரம் உங்களுடையது என்பதை மட்டும் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். அதற்காகத் தூக்கத்தைக் குறைக்காதீர்கள், சமையலறை வேலையில் கொஞ்சம் அவர் கைக்கு மாறட்டும். அப்புறம், எழுதியதையெல்லாம் தனியாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். வாட்பேட் கணக்கு முடங்கினால் அத்தனையும் போய்விடும்.