மலேசியப் பயனீட்டாளர் கேள்வி-பதில்: குடலுக்கு நல்லதென்று விற்கிறார்கள்

கேள்வி (செந்தூல்): பிள்ளைகளுக்குக் காலையில் தினமும் சாசேஜ் பொரித்துக் கொடுக்கிறேன். கோழி சாசேஜ்தான். பயமில்லைதானே?

பதில்: கோழியானாலும் பதப்படுத்திய இறைச்சி அதுதான். 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அந்த வகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 விழுக்காடு கூடும். சிகரெட்டும் அதே பிரிவுதான் என்று வாட்ஸ்அப்பில் மிரட்டுவார்கள். ஆதாரம்தான் அந்த அளவு உறுதி, ஆபத்து அந்த அளவு இல்லை. எப்போதாவது கொடுங்கள். தினமும் என்றால் முட்டை இருக்கிறதே.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): நார்ச்சத்துக்காக ஜூசர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நார் இருப்பது நீங்கள் கொட்டப்போகும் சக்கையில். 700 வெள்ளிக்கு நான் வாங்கியது அலமாரி மேல் தூங்குகிறது.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): குடலுக்கு நல்லது என்று பழுப்பு ரொட்டி வாங்குகிறோம். விலை கூடுதல். தகுமா?

பதில்: இந்தப் பழுப்பு நிறத்தின் மேல் எனக்குப் பல நாள் கோபம். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதுதான் சேர்பொருள் பட்டியலில் முதலில் வரும். வெறும் கோதுமை மாவு முதலில் வந்து, கடைசியில் கேரமல் நிறமூட்டி நின்றால், நீங்கள் வாங்கியது சாயம் பூசிய வெள்ளை ரொட்டி. முழுக்கோதுமை மாவு முதலில் வர வேண்டும். பாக்கெட்டில் அச்சிட்ட கதிரும் வயலும் எதற்கும் சாட்சி இல்லை. தினசரி நார்ச்சத்து 10 கிராம் கூடினால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 10 விழுக்காடு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதை நம்பித்தானே கூடுதல் காசு கொடுக்கிறோம்? அந்தக் காசுக்குப் பசாரில் கங்குங் கீரையும் கொண்டைக்கடலையும் வாங்கிவிடலாம். அவற்றுக்கு யாரும் சாயம் பூசுவதில்லை.

கேள்வி (பட்டர்வொர்த்): அம்மாவுக்கு மலத்தில் ரத்தம். குடல் கழிவு நீங்கும், புற்றுநோயே வராது என்று 480 வெள்ளிக்குப் பவுடரைத் தலையில் கட்டிவிட்டார்கள். பணம் கிடைக்குமா?

பதில்: முதலில் டாக்டர், நாளைக்கே. பவுடர் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அம்மாவைத் திட்டவும் வேண்டாம்; பயந்திருப்பவரிடம் எதையும் விற்றுவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். புற்றுநோயைத் தடுக்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. ரசீது, டப்பா, அவர்கள் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம், வக்கீல் தேவையில்லை.

கேள்வி (பிறை): மலிவு விலையில் நார்ச்சத்து மாத்திரை பன்னிரண்டு டப்பா வாங்கினேன். அடுத்த மாதம் காலாவதியாம்!

பதில்: தேதி டப்பாவின் அடியில்தான் இருந்தது. வாங்குவதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது.