மூன்று தேதி, ஒரு குழந்தை

(நிறைமாத வாசகிகளின் கேள்விகளுக்கு, பிரசவ வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சிஸ்டர், எனக்கு மாதவிலக்கு எப்போதும் 34 நாளுக்கு ஒரு முறைதான். கடைசி மாதவிலக்கை வைத்துக் கணக்குப் போட்டால் பிரசவத் தேதி 12. எட்டாவது வாரம் எடுத்த ஸ்கேனில் 18 என்று வந்தது. போன மாத ஸ்கேனில் 5 என்று போட்டிருக்கிறார்கள். இன்று தேதி 13. அம்மா 5ஐப் பிடித்துக்கொண்டு "எட்டு நாள் தாண்டிவிட்டதே" என்று அழுகிறார். மாமியார் 12 என்கிறார். நான் எதை நம்புவது?
— முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் வாசகி

பதில்: 18ஐ வைத்துக்கொள்ளுங்கள் மா. மற்ற இரண்டையும் மறந்துவிடலாம்.

முதலில் மாமியாரின் 12. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணுவது பழைய கணக்கு. நேகலே என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரில் இன்றும் வழங்குகிறது. அது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு எழுதியது. உங்களுக்கு 34 நாள் என்றால் கரு உருவானதே ஆறு நாள் தள்ளித்தான் இருந்திருக்கும். 12உடன் ஆறைக் கூட்டுங்கள், எட்டாவது வார ஸ்கேன் சொன்ன 18 வந்துவிடும். இரண்டும் இவ்வளவு சரியாகப் பொருந்துவது நல்ல விஷயம்.

அம்மாவின் 5 வேறு கதை. முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருவும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் வளரும். அதனால் அப்போது எடுக்கும் ஸ்கேனில் தேதி ஐந்து முதல் ஏழு நாளுக்கு மேல் பிசகாது. கடைசி மாதங்களில் தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றை அளந்து கணக்குப் போடுகிறார்கள். குழந்தை கொஞ்சம் பெரியதாக இருந்தால் கருவி தேதியை முன்னால் தள்ளிவிடும், சின்னதாக இருந்தால் பின்னால். அந்த வயதில் மூன்று வாரம் வரைகூட முன்பின் போகலாம். அந்த ஸ்கேன் குழந்தையின் வளர்ச்சி, பனிக்குடத் தண்ணீர், நஞ்சு (நஞ்சுக்கொடி) எல்லாம் எப்படி என்று பார்க்க எடுத்தது. தேதிக்காக எடுத்ததல்ல. ரிப்போர்ட்டில் தேதி அச்சாகி வருவதால் வீட்டில் எல்லோரும் அதைப் படித்துவிடுகிறார்கள், அதுதான் சிக்கல்.

ஆக, இன்று உங்களுக்கு 39 வாரம் 2 நாள். நீங்கள் எதையும் தாண்டவில்லை. 18ஆம் தேதியே பிறக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். சொன்ன தேதியில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 37 வாரத்திலிருந்து 42 வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம். முதல் குழந்தை சற்றுத் தாமதமாக வருவதும் சகஜம். அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். நாட்காட்டியைப் பார்க்கும் கவனத்தில் பாதியையாவது குழந்தையின் அசைவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த கடிதம் அதைப் பற்றியதுதான்.

கேள்வி: என் மகளுக்கு 38ஆம் வாரம். எப்போதும் இரவில் நன்றாக உதைக்கும் குழந்தை நேற்றிலிருந்து அமைதியாக இருக்கிறது என்கிறாள். பிரசவம் நெருங்கினால் குழந்தை அடங்கிவிடும், இடமும் இல்லை அல்லவா என்று நான் தேற்றினேன். சரிதானே சிஸ்டர்?
— பாட்டியாகப் போகும் வாசகி

பதில்: சரியில்லை அம்மா. இந்தக் கடிதம் வந்த அன்றே ஆசிரியர் குழு உங்களைத் தொலைபேசியில் அழைத்து, மகளை உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னது. மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இங்கே மறுபடி எழுதுகிறேன்.

கடைசி வாரங்களில் அசைவின் விதம் மாறும். குட்டிக்கரணம் போடுவது நின்று, புரள்வதும் நெளிவதும் விலாவில் காலை ஊன்றுவதுமாக இருக்கும். ஆனால் அசைவு குறையக் கூடாது. வலி எடுக்கும் வரை, எடுத்த பிறகும்கூட, குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்கும். "பிரசவம் நெருங்கினால் அடங்கிவிடும்" என்று பரம்பரை பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். நஞ்சிலிருந்து போதிய ஆக்சிஜன் கிடைக்காத குழந்தை, இருக்கும் சக்தியை இதயத்துக்கும் மூளைக்கும் மிச்சம் பிடிக்க முதலில் நிறுத்துவது கைகால் அசைப்பதைத்தான். நமக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கையும் அதுதான்.

உள்ளே குழந்தை தூங்கவும் செய்யும். ஒரு தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம், 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது. சந்தேகம் வந்தால் வேலையை விட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்துக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரியவில்லை என்றால் கிளம்புங்கள். பத்து வந்தும் "இது என் குழந்தையின் வழக்கம் இல்லை" என்று தாய்க்குத் தோன்றினால் அப்போதும் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டிலேயே சின்னக் கருவியை வைத்து இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டுத் திருப்திப்படவும் வேண்டாம். துடிப்பு இருப்பது வேறு, குழந்தை நன்றாக இருப்பது வேறு. மருத்துவமனையில் வயிற்றில் பட்டை கட்டி 20 நிமிடத்துக்குக் குறையாமல் துடிப்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்து, இடையிடையே துள்ளி ஏறி இறங்கினால் எங்களுக்கு நிம்மதி.

மறுபடி குறைந்தால் மறுபடி போங்கள். "நேற்றுத்தானே வந்தீர்கள்" என்று யாராவது முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: இரண்டாவது பிரசவம், 37ஆம் வாரம். மாலையானால் வயிறு இறுகுகிறது. இரண்டு முறை பையோடு போய், "பொய் வலி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெட்கமாக இருக்கிறது. நிஜ வலியை எப்படித் தெரிந்துகொள்வது?
— மூன்று வயது மகனின் அம்மா

பதில்: முதல் பிரசவத்தில் தெரிந்த வலியே இந்த முறை ஏமாற்றுகிறதே என்று நினைக்கிறீர்கள் போல. இரண்டாவது முறை பொய் வலி இன்னும் நன்றாகவே தெரியும் மா. பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1872இல் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே டாக்டர்கள் சொல்வார்கள்.

வயிறு இறுகும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். பயிற்சிக்கு வரும் செவிலியர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது இது: மூக்கு நுனி போல அமுங்கினால் லேசான இறுக்கம், மோவாய் போல இருந்தால் நடுத்தரம், நெற்றி போல அமுங்கவே அமுங்காவிட்டால் நல்ல வலி. பொய் வலி தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்தால் தணிந்துவிடும், அல்லது நடந்தால் நின்றுவிடும். நிஜ வலி எதற்கும் அடங்காது. இடைவெளி குறையும், நீளம் கூடும், இடுப்பிலிருந்து முன்னால் சுற்றி வரும். நடுவில் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் வந்தால் கிளம்பலாம் என்பது முதல் பிரசவத்துக்கான கணக்கு. உங்களுக்கு அது பொருந்தாது. இரண்டாவது பிரசவம் வேகமாக நடக்கும், சிலருக்கு மிக வேகமாக. வலி ஒழுங்காக வர ஆரம்பித்ததுமே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.

பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். சினிமாவில் எல்லோருக்கும் முதலில் தண்ணீர்தான் கொட்டும். உண்மையில் நிறைமாதத்தில் அப்படித் தொடங்குவது நூற்றில் எட்டுப் பேருக்குத்தான். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நாப்கின் வைத்து நிறத்தைப் பாருங்கள். தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருக்கலாம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், ஓட வேண்டும். ரத்தம் கலந்த சளி கொஞ்சமாகப் பட்டால் பயமில்லை. அதன் பிறகு வலி வரச் சில மணி நேரமும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். மாதவிலக்கு போல ரத்தமே போனால் அது வேறு. உடனே போங்கள்.

மூன்றாவது முறையும் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். பையைப் பிரிக்காமல் அப்படியே கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள். பொய் வலியோடு வந்தவர்களைப் பார்த்து வார்டில் யாரும் சிரித்ததில்லை. தாமதமாக வருபவர்களைப் பார்த்தால்தான் எங்களுக்குக் கை நடுங்கும்.

கேள்வி: 36ஆம் வாரம். இரவானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்க முடியாமல் அரிக்கின்றன. தடிப்பு எதுவும் இல்லை. தோல் விரிவதால்தானா?

பதில்: வயிறு அரித்தால் தோல் விரிவது என்று சொல்லலாம். உள்ளங்கையும் காலும் அரித்தால், அதுவும் தடிப்பில்லாமல் இரவில் என்றால், கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக வடியாமல் ரத்தத்தில் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அளவு அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து, முன்கூட்டியே பிரசவம் செய்யவும் முடிவெடுப்பார்கள். நாளைக்கே போய்ச் சொல்லுங்கள். அதே போல விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, திடீரென முகம் வீங்குவது எல்லாம் ரத்த அழுத்தத்தின் வேலையாக இருக்கலாம். அவற்றுக்கு நாளை என்றுகூடப் பார்க்கக் கூடாது.

கேள்வி: 41 வாரம் முடிந்தால் வலி வரவைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். பழுத்தால் தானாக விழும், பலவந்தம் வேண்டாம் என்கிறார் பாட்டி. ஊசி போட்டால் கடைசியில் சிசேரியனில்தான் முடியுமாமே?

பதில்: பாட்டி சொல்வது பெரும்பாலானவர்களுக்குச் சரி. ஆனால் எத்தனை நாள் காத்திருப்பது என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை நஞ்சைப் பொறுத்தது. 41 வாரத்துக்குப் பிறகு சிலருக்கு நஞ்சின் வேலை தளரும், தண்ணீர் குறையும், குழந்தை உள்ளே இறப்பதற்கான வாய்ப்பு மெல்ல ஏறும். மொத்தத்தில் அது சின்ன வாய்ப்புதான். ஆனால் யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் 41 வாரம் நிறைந்தது உறுதியானால் வலி வரவைக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. நாள் எண்ணுவதற்கு முதல் ஸ்கேன் தேதி ஏன் அவ்வளவு முக்கியம் என்று இப்போது புரியும்.

சிசேரியன் பயத்துக்குப் பதில்: ஆயிரக்கணக்கான பெண்கள் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வலி வரவைத்தவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிடச் சிசேரியன் கூடவில்லை, கொஞ்சம் குறைவாகவே இருந்தது. உங்கள் கர்ப்பப்பை வாய் எவ்வளவு மென்மையாகி, எவ்வளவு திறந்திருக்கிறது என்று கேளுங்கள். இறுகி மூடியிருந்தால் முதலில் ஜெல்லோ மாத்திரையோ பலூனோ வைத்து இளக்குவார்கள், அப்புறம்தான் வலி வரவைக்கும் மருந்தை ட்ரிப்பில் ஏற்றுவார்கள். முதல் பிரசவம் என்றால் இதற்கெல்லாம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். காலையில் சேர்ந்தால் மதியம் குழந்தை என்று வீட்டில் எண்ணிக்கொண்டிருந்தால்தான் எல்லோருக்கும் ஏமாற்றம்.

நடுவில் விளக்கெண்ணெய் குடித்துப் பார்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். வயிற்றுப்போக்கு நிச்சயம், வலி நிச்சயமில்லை. உடம்பில் நீர் வற்றிய நிலையில் பிரசவ வலியைத் தாங்குவது கொடுமை.

கேள்வி: சிஸ்டர், மனைவிக்கு 39ஆம் வாரம். நான் என்ன செய்ய வேண்டும்? கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்கிறாள்.
— அப்பாவாகப் போகும் வாசகர்

பதில்: தம்பி, முதல் வேலை போன். "என்ன, இன்னும் ஆகலையா?" என்ற அழைப்புகள் எல்லாம் இன்றிலிருந்து உங்கள் எண்ணுக்கு வரட்டும். ஒரே பதில் போதும்: "பிறந்ததும் நானே சொல்கிறேன்." இரண்டாவது, வலியின் இடைவெளியைச் சரியாக எண்ணப் பழகுங்கள். ஒரு வலி தொடங்குவதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரைதான் இடைவெளி. முடிந்ததிலிருந்து எண்ணி, தப்பான கணக்கோடு வருபவர்கள்தான் அதிகம். மூன்றாவது, இரவில் அவர் மல்லாந்து தூங்குவதைப் பார்த்தால் மெதுவாக ஒருக்களித்துவிடுங்கள். மல்லாந்தால் கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும். இடது வலது எந்தப் பக்கமானாலும் பரவாயில்லை. கொஞ்ச நேரம் மல்லாந்துவிட்டார் என்று பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

கேள்வி: எல்லோரும் "சந்தோஷமாக இரு" என்கிறார்கள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. காரணமில்லாமல் அழுகிறேன், மூன்று மணிக்கு விழித்தால் தூக்கமே இல்லை. நான் நல்ல அம்மாவாக மாட்டேனோ?
— பெயர் வேண்டாம்

பதில்: மூச்சு வாங்கி, நெஞ்சு எரிந்து, இடுப்பு விட்டுப்போய், இரவில் நாலு தடவை எழுந்து போகும் ஒருவரிடம் சந்தோஷமாக இரு என்று சொல்பவர்களுக்கு ஒரு வாரம் அந்த வயிற்றைக் கட்டிவிட வேண்டும். உங்களிடம் குறை எதுவும் இல்லை. குழந்தையைக் கையில் வாங்கிய நிமிடத்தில் ஒன்றும் தோன்றாமல், நாலு நாள் கழித்துப் பாசம் வந்த அம்மாக்கள் ஏராளம். நல்ல அம்மாக்கள்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த அழுகை இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி இருக்கிறதா? பிடித்த எதிலும் மனம் போகவில்லையா? அப்படியானால் இது கர்ப்ப காலத்திலேயே வரும் மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகுதான் வரும் என்பதில்லை. சிகிச்சை உண்டு, பேச்சு வழியாகவும், தேவைப்பட்டால் கர்ப்பத்தில் எடுக்கக்கூடிய மருந்து வழியாகவும். இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரை எழுப்பி மருத்துவமனைக்குப் போங்கள். இல்லையென்றால் அடுத்த செக்அப் வரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அங்கே ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், வயிற்றை அளப்பார்கள், "வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று பேனாவை மூடிக்கொண்டே கேட்பார்கள். "ஒன்றுமில்லை" என்று எழுந்துவிடாமல் எனக்கு எழுதிய இதே மூன்று வரியை அப்படியே அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.