பல்லேடியம், தாலியம், மக்னீசியம்: கேள்வி-பதில்

ஐசோஃபிளேவோன் (ஒரு தாவரச் சேர்ம வகை) தயாரிக்க, பல்லேடியம் வினையூக்கியோடு நடக்கும் சுசுகி வினையில் 3-அயோடோகுரோமோனோடு ஃபீனைல்போரானிக் அமிலத்தைச் சேர்த்தேன். அரை மணியில் குடுவை கறுத்துவிட்டது. ஏன்?
– ஆராய்ச்சி மாணவர், கடலூர்

பெரும்பாலும் காற்றுதான்; அது பட்டால் பல்லேடியம் கறுப்புத் தூளாகப் படிந்துவிடும். கரைப்பானில் 20 நிமிடமாவது ஆர்கானைச் செலுத்திவிட்டுப் பல்லேடியத்தைப் போடுங்கள். எந்தக் காரம் என்று எழுதவே இல்லையே! போரானிக் அமிலம் தன் அரைல் தொகுதியை (இங்கே ஃபீனைல் வளையம்) பல்லேடியத்துக்குக் கைமாற்றுவதே காரத்தின் தயவில்தான்.

2-அயோடோபீனால், ஃபீனைல் அசிட்டிலீன், கார்பன் மோனாக்சைடு. பல்லேடியம் வினையூக்கியோடு இவற்றைச் சேர்த்தால், ஃபிளேவோனோடு அதன் உறவுச் சேர்மமான ஆரோனும் வருகிறது. ஃபிளேவோன் மட்டும் வர என்ன செய்வது?
– எம்.எஸ்சி. மாணவி, வில்லியனூர்

நல்ல கேள்வி. பல்லேடியம் மூன்றையும் கோத்து ஆல்கைனோனை (கார்போனைலும் முப்பிணைப்பும் அடுத்தடுத்துள்ள இடைநிலைச் சேர்மம்) தருகிறது. பிறகு பீனாலின் ஆக்சிஜன், முப்பிணைப்பில் கார்போனைலுக்கு அருகிலுள்ள கார்பனைத் தாக்கினால் ஐந்தணு வளையம், ஆரோன். அடுத்ததைத் தாக்கினால் ஆறணு வளையம், ஃபிளேவோன். டைஎத்தில் அமீனைப் பயன்படுத்திப் பாருங்கள். அது அந்த அடுத்த கார்பனில் முதலில் ஏறி, பின்பு ஆக்சிஜனுக்கு இடம்விட்டு விலகும். கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு, அதற்கு மணமும் கிடையாது. ஃபியூம் ஹூட் (நச்சுக் காற்றை வெளியேற்றும் கூண்டு) இல்லாமல் தொடாதீர்கள். ஆர்கானையும் மறக்காதீர்கள்.

நாங்கள் தயாரித்த ஃபிளேவோன் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது. தாவரச் சேர்மம்தானே, பாதுகாப்பானது என்று எழுதலாமா?
– உதவிப் பேராசிரியர், சிதம்பரம்

எழுதாதீர்கள். முதலில், உங்கள் சேர்மம் செடியிலிருந்து வந்ததல்ல, குடுவையிலிருந்து வந்தது. செல்களைக் கொன்றது ஃபிளேவோனா, அதில் ஒட்டியிருக்கும் பல்லேடியமா? 5-ஆம் இடத்து ஹைட்ராக்சிலும் 4-ஆம் இடத்துக் கார்போனைலும் சேர்ந்து உலோகத்தை இடுக்கிபோலப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கா நிரப்பிய பிரிப்புக் குழாயில் (column) ஒருமுறை ஓட்டிவிட்டால் உலோகம் போய்விடும் என்று யார் சொன்னது? என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலை சுத்தமாக இருக்கிறது என்பீர்கள். சில பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பல்லேடியம் அதில் தெரியாது. வாய்வழி மருந்தில் பல்லேடியத்துக்கு ஐசிஎச் (மருந்துத் தர விதிகளை ஒருங்கிணைக்கும் பன்னாட்டு அமைப்பு) வகுத்த வரம்பு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம். உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் தயோல் (கந்தகத் தொகுதி) பிணைத்த சிலிக்காவோடு கலக்கி வடிகட்டுங்கள், நுண்ணளவு உலோகத்தை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளந்து எண்ணைக் கட்டுரையில் போடுங்கள். அதே அளவு பல்லேடியம் உப்பை மட்டும் செல்களில் இட்டும் பாருங்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்த ஒப்பீடு இல்லாமலேயே கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன.

சால்கோனை (ஃபிளேவோனின் உறவுச் சேர்மம்) தாலியம் நைட்ரேட் கொண்டு ஐசோஃபிளேவோனாக மாற்றலாமா?
– விருத்தாசலம் வாசகர்

மாற்றலாம், அரைல் தொகுதி பக்கத்துக் கார்பனுக்கு இடம்பெயரும் அழகான வினைதான். ஆனால் தாலியம் கொடிய நஞ்சு. சுசுகி வினை இருக்க இது எதற்கு?

ஃபிளேவனாய்டுகளை (ஃபிளேவோன் குடும்பச் சேர்மங்களை) மக்னீசியமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து நிறத்தால் கண்டறியும் ஷினோடா சோதனையில் மக்னீசியம் வினையூக்கியா?
– பண்ருட்டி வாசகர்

இல்லை. அமிலத்தில் கரைந்து ஒடுக்குகிறது, தீர்ந்தும் போகிறது. மக்னீசியம் போடுமுன்பே, அமிலம் பட்டவுடன் நிறம் மாறினால் சால்கோனோ ஆரோனோ என்று சந்தேகியுங்கள். ஐசோஃபிளேவோன் பெரும்பாலும் நிறமே தராது; அதற்காகச் சேர்மத்தைக் கொட்டிவிடாதீர்கள்.